நாலு புத்தகம், தலைக்கு அறுநூறு வார்த்தை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறீர்கள். ஒரு சிற்றிதழ் ஆசிரியர், காலாண்டுக்கு ஒருமுறை புதுப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதித் தரச் சொல்லி நாலு புத்தகங்களை அனுப்பியிருக்கிறார். கன்னடத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு நாவல், ஆற்றுநீர் அரசியல் பற்றிய ஒரு நூல், மேலைத் தத்துவ நூல் ஒன்றின் தமிழாக்கம், கோயில் செப்புத் திருமேனிகள் பற்றிய கனமான ஒரு படப்புத்தகம். தலைக்கு அறுநூறு வார்த்தை. “நாலு துறையிலும் எனக்குப் பாண்டித்தியம் கிடையாது. நான் எழுதலாமா? எழுதினால் எப்படி எழுதுவது?” என்று கேட்கிறீர்கள்.

எழுதலாம். எல்லாத் துறையும் தெரிந்த மதிப்புரையாளர் என்று ஒருவர் எந்த ஊரிலும் இருந்ததில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் மதிப்புரைக்காரனின் வாக்குமூலம் என்று ஒரு கட்டுரை எழுதினார். சிகரெட் துண்டுகளும் பாதி குடித்த தேநீர்க் கோப்பைகளும் இறைந்து கிடக்கும் ஓர் அறை. முப்பத்தைந்து வயதில் ஐம்பது வயதுக்காரன் மாதிரி ஓர் ஆள். பத்திரிகையிலிருந்து ஐந்து புத்தகம் கட்டாக வந்திருக்கிறது: பாலஸ்தீனம் பற்றி ஒன்று, பால்பண்ணை பற்றி ஒன்று, ஐரோப்பிய ஜனநாயக வரலாறு ஒன்று, ஆப்பிரிக்கப் பழங்குடி வழக்கங்கள் பற்றி ஒன்று, கூட ஒரு நாவல். ஐந்தும் சேர்ந்தால் நன்றாக அமையும் என்று ஆசிரியரின் குறிப்பு வேறு. உங்கள் கட்டு அதைவிடத் தேவலை.

ஆகவே தகுதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எனக்குக் கவலை வேறு இடத்தில். தமிழில் நாம் மதிப்புரை என்று எழுதுவதில் பெரும்பகுதி மதிப்புரையே கிடையாது. அது பாயிரம், அதாவது நூலுக்கு முன்னால் வைக்கிற முகவுரை. நன்னூல் நடத்தியிருப்பீர்கள், அதனால் உங்களிடம் இதைச் சொல்வது எளிது. பாயிரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பவணந்தி முனிவர் எட்டுச் செய்திகளை அடுக்குகிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இன்றைக்கு வார இதழ்களில் ‘நூல் அறிமுகம்’ என்று வருகிற பத்தியை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை, என்ன பொருள், யார் படிக்கலாம், படித்தால் என்ன பயன். எண்ணூறு வருடமாக அச்சு மாறவில்லை.

இன்னும் வேடிக்கை, சிறப்புப் பாயிரத்தை யார் எழுதலாம் என்கிற சூத்திரம். எத்தனை பெரிய காரியம் செய்திருந்தாலும் ஒருவன் தன்னைத்தானே புகழ்வது தகாது என்பதால் வேறொருவர் எழுத வேண்டும். யார்? தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், தகும் உரைகாரன். நம் இதழ்களில் மதிப்புரை எழுதுகிறவர்களின் பட்டியலை இதைவிடச் சரியாக யாராலும் போட முடியாது. முனைவர் பட்ட நெறியாளர் எழுதுகிறார், கூடப் படித்தவர் எழுதுகிறார், மாணவர் எழுதுகிறார். வெளியீட்டு விழாவில் பேசிய பேச்சையே தட்டச்சு செய்து அனுப்புகிறவர்களும் உண்டு. நானும் ஒருமுறை அனுப்பியிருக்கிறேன்.

பாயிரம் கெட்ட விஷயம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு நூலின் முகப்பில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே அது பொருந்தும். மதிப்புரை பிறந்தது வேறு குடும்பத்தில். அந்தக் குடும்பமும் நம்மிடம் உண்டு, அதன் பெயர் பரபக்கம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், கண்ணால் காண்பதே உண்மை என்கிற உலகாயதத்தில் தொடங்கிப் பதினான்கு சமயங்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றிலும் முதலில் அந்தச் சமயத்தான் தன் வாயால் சொல்வதைப் போல அவன் கொள்கை வருகிறது, அப்புறம்தான் மறுப்பு. தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் அதற்கும் பின்னால். நூலாசிரியன் கொள்ளும் நிலைப்பாடுகள் என்ற பொருளில் நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் ‘பிறர்தம் மதம்மேற் கொண்டு களைவு’ என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான் இது. மற்றவன் சொல்வதை முதலில் மேற்கொள்ள வேண்டும். அப்புறம் களையலாம். அதே பட்டியலில் ‘பிறர்நூற் குற்றம் காட்டல்’ தனியாக வருகிறது. குற்றம் காட்டுவது எளிது, மேற்கொள்வது கடினம். மதிப்புரையின் வேலை முக்கால்வாசி அந்த மேற்கொள்ளலில்தான் நடக்கிறது.

இதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஆசீவகர் என்ற பழைய சமயத்தாரின் மூலநூல் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மணிமேகலை, நீலகேசி, சித்தியார் என்று மாற்றாரின் வாய்வழியாகத்தான் தெரிகிறது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி உரையோடு இருக்கிறது. ஒரு வகையில் பார்த்தால், மதிப்புரை பிழைத்துக்கொண்டது, புத்தகம் போய்விட்டது. நீங்கள் எழுதப்போகும் நாலு நூலில் ஒன்றோ இரண்டோ முந்நூறு பிரதி அச்சாகி, மறுபதிப்பு காணாமல் போகக்கூடியவை. இருபது வருடம் கழித்து ஒருவருக்கு உங்கள் மதிப்புரை மட்டும் கிடைக்கலாம். அதை வைத்து அந்தப் புத்தகம் என்ன சொன்னது என்று அவரால் கட்டியெழுப்ப முடியுமா? எழுதி முடித்ததும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் கட்டைப் பிரிப்போம்.

தத்துவ நூலைக் கண்டுதான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கென்னவோ நாலிலும் அதற்குத்தான் உங்களிடம் கருவி இருக்கிறது என்று படுகிறது. மொழிபெயர்ப்பாளர் முக்கியமான கலைச்சொற்களாக எடுத்துக்கொண்டவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக இருப்பு, தன்னுணர்வு, அறிதல். அந்த மூன்றையும் முதல் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை பென்சிலோடு துரத்துங்கள். நாற்பதாம் பக்கத்தில் ‘இருப்பு’ என்று வந்தது நூற்றுப்பத்தில் ‘இருத்தல்’ என்றும் இருநூறில் ‘உளதாதல்’ என்றும் மாறியிருந்தால், மூலத்திலேயே வேறு வேறு சொல்லா, இல்லை மொழிபெயர்ப்பாளர் அசந்துவிட்டாரா என்று கேட்க வேண்டும். முன்னுரையில் விளக்கம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் அதைச் சொல்லுங்கள். இதைச் சொல்ல ஜெர்மனோ பிரெஞ்சோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, வாதத்தை உங்கள் சொற்களில் ஒரு பத்தியாக எழுதிப் பாருங்கள். நூலாசிரியர் படித்தால் “ஆமாம், இதைத்தான் சொன்னேன், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்” என்று சொல்ல வேண்டும். அப்படி எழுத முடியாத பகுதி எதுவோ, அங்கே ஒன்று நூல் குழப்பம், இல்லை நீங்கள் குழப்பம். எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதலாம், வாசகர் மன்னிப்பார்.

இந்தத் துறையில் பெரும்புகழ் பெற்ற ஒரு மதிப்புரை உண்டு. பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1957இல் மொழியும் ஒரு பழக்கம்தான், தூண்டலும் வெகுமதியும் சேர்ந்து உருவாக்குவது என்று ஒரு நூல் வெளியிட்டார். 1959இல் ‘லாங்குவேஜ்’ என்ற ஆய்விதழில் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி அதற்கு முப்பது பக்கத்துக்கு மேல் மதிப்புரை எழுதினார். அப்போது அவருக்கு முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். தூண்டல், வெகுமதி என்ற சொற்களை எலி கூண்டுக்குள் இருக்கும்வரை துல்லியமாகப் பயன்படுத்துகிறீர்கள், மனிதப் பேச்சுக்குக் கொண்டுவந்ததும் அவை வெறும் உவமையாகிவிடுகின்றன என்பது அவர் பிடித்த பிடி. ஒரு துறையே திசை மாறியதற்கு அந்த மதிப்புரையை ஒரு காரணமாகச் சொல்வார்கள். இதோடு கதையை நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஆனால் 1970இல் கென்னத் மக்கார்குவடேல் என்ற உளவியலாளர் ஒரு பதில் எழுதினார். சாம்ஸ்கி தாக்கிய கருத்துகளில் சில ஸ்கின்னருடையவையே அல்ல, வேறு நடத்தைவாதிகளுடையவை என்பது அவர் புகார். யார் சரி என்பது இருக்கட்டும். மதிப்புரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போய் ஸ்கின்னரைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்? நீலகேசி கதைதான் இங்கேயும். அதனால் மறுக்கும்போது மேற்கோளைப் பக்க எண்ணோடு கொடுங்கள், நாலு வரி அதிகமானாலும் பரவாயில்லை.

ஆற்றுநீர் நூலுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு சொந்த வடு உண்டு. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு நீர்ப்பங்கீட்டு நூலுக்கு எழுதினேன். நூலாசிரியர், இதழ் பெயரெல்லாம் வேண்டாம். பின்னிணைப்பில் பன்னிரண்டு அட்டவணை இருந்தது. நான் மயங்கிவிட்டேன். ‘புள்ளிவிவரங்களால் நெய்த நூல்’ என்று ஒரு வரியும் எழுதினேன், அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதழ் வந்த மாதமே ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. “ஐயா, நாலாவது அட்டவணையில் டி.எம்.சி.யும் கன அடியும் ஒரே பத்தியில் கூட்டப்பட்டிருக்கின்றன. பார்த்தீர்களா?” அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

பார்க்கவில்லை. டி.எம்.சி. என்பது கொள்ளளவு, நூறு கோடி கன அடி. அணை நிலவரத்தில் கன அடி என்று போடுவது வினாடிக்கு எவ்வளவு பாய்கிறது என்ற கணக்கு. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கப் பாய்ந்தால் ஒரு டி.எம்.சி. சேரும். இரண்டையும் கூட்டுவது, தொட்டியில் உள்ள தண்ணீரையும் குழாய் திறந்திருக்கும் வேகத்தையும் கூட்டுகிற மாதிரி. அட்டவணை தப்பு என்றால் அதன்மேல் கட்டிய ஆறாவது அத்தியாயமும் ஆட்டம் கண்டுவிடும். மேட்டூர் நிலவரத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்த்து வளர்ந்தவன் நான், கண்ணில் படவில்லை. காரணம் எளிது: அட்டவணையைப் பார்த்தேன், படிக்கவில்லை.

இது பெரிய இடத்திலும் நடக்கிறதுதான். தாமஸ் பிக்கெட்டி மூலதனம் பற்றி எழுதிய நூல் 2014இல் ஆங்கிலத்தில் வந்தபோது ராபர்ட் சோலோ, பால் க்ரூக்மன் என்று நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்களே நீண்ட மதிப்புரை எழுதினார்கள். மூலதனத்தின் வருவாய் வீதம் பொருளாதார வளர்ச்சி வீதத்தைவிட அதிகமாக இருந்தால் சொத்து ஓரிடத்தில் குவியும் என்ற அவருடைய வாதம் நன்றாகவே அலசப்பட்டது. அதெல்லாம் நடந்த பிறகு, மே மாதக் கடைசியில்தான், பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் அவர் இணையத்தில் போட்டிருந்த கணக்குத் தாள்களைத் திறந்து, சில எண்கள் மூல ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று கேள்வி எழுப்பியது. பிக்கெட்டி விரிவாகப் பதில் சொன்னார், தன் முடிவுகள் மாறவில்லை என்றார். பலர் அவர் பக்கமே நின்றார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு: கணக்குத் தாள்களை அவரே பொதுவில் வைத்திருந்தார், அதனால்தான் சண்டையே போட முடிந்தது. அரசியல், பொருளாதார நூலில் ஆசிரியர் தன் சரக்கைத் திறந்து வைத்திருக்கிறாரா என்பதே மதிப்புரையில் சொல்ல வேண்டிய முதல் செய்தி. அடிக்குறிப்பு இருக்கிறதா, அது அரசாணைக்கும் தீர்ப்புக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் போகிறதா, இல்லை இன்னொரு கட்டுரைத் தொகுப்புக்குப் போய் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். காவிரி பற்றியது என்றால் நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கீடு, பின்னதில் அது 404.25. நூல் இந்த 14.75 குறைந்ததை எப்படி விளக்குகிறது என்று பார்த்தாலே ஆசிரியரின் கை எவ்வளவு சுத்தம் என்று தெரிந்துவிடும்.

பிக்கெட்டியைப் பற்றி இன்னொன்று, சிரிப்பதற்காக. அந்த வருடம் ஒரு கணித அறிஞர் மின்நூல் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட ஐந்து இடங்களை எடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ எழுநூறு பக்க நூலில் ஐந்தாவது அடிக்கோடு 26ஆம் பக்கத்தோடு முடிந்துவிட்டது. வாசகர் நிறுத்திவிடலாம், அது அவர் காசு. நீங்கள் நிறுத்த முடியாது. நன்னூலின் பத்துக் குற்றங்களில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்ற ஒன்று கடைசிப் பக்கம்வரை போகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அரசியல் நூல்களுக்கு இது தொற்றுநோய். முதல் அத்தியாயம் உலகத்தைப் புரட்டும், கடைசி அத்தியாயம் ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடியும்.

செப்புத் திருமேனிப் புத்தகத்தில் உங்களுக்கு இருக்கிற சாதகம் உங்களுக்கே தெரியவில்லை. படத்தைப் பார்த்து ‘கண்ணைக் கவரும் வண்ணப்படங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். கலை வரலாற்றறிஞர் வித்யா தெஹேஜியா சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 2021இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார், வாஷிங்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலிருந்து உருவானது. என் உள்ளம் கவர்ந்த கள்வன் என்பதுதான் தலைப்பு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சம்பந்தரின் முதல் பதிகம். அந்த நூல் அழகைப் பேசிவிட்டு நிற்கவில்லை. இத்தனை திருமேனிக்கும் வேண்டிய செம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. தமிழ்நாட்டில் அவ்வளவு செம்பு கிடையாது, இலங்கையிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர் துணிபு. சரியோ தப்போ, கேள்வி அருமை. உலோகம், முத்து, நெல், தானம், படையெடுப்பு எல்லாம் ஒரே கேள்வியில் வந்து முட்டுகின்றன. உங்கள் கையில் இருக்கும் நூலையும் அதே மாதிரி கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் தமிழ் படித்தவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. எந்தத் திருமேனியை யார் எடுப்பித்தார், உயரம் எத்தனை விரல், சாத்திய நகையில் முத்து எத்தனை, எடை எவ்வளவு என்று கணக்குப்பிள்ளை கணக்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். நூலாசிரியர் ஒரு கல்வெட்டை மேற்கோள் காட்டினால் நீங்கள் மூலத்தைத் திறந்து படிக்க முடியும். வெளிநாட்டு இதழ்களில் இத்தகைய நூலுக்கு எழுதுகிற பலருக்கு இந்த வசதி கிடையாது.

அப்புறம் படங்கள். திருமேனிகளை அருங்காட்சியகத்தில் கறுப்புத் துணிக்கு முன்னால், மேலே விளக்குப் போட்டு, ஆடை அணி இல்லாமல் எடுத்திருப்பார்கள். கோயிலில் நாம் பார்ப்பது பட்டும் மாலையும் கவசமும் போக மிஞ்சிய முகம் மட்டும்தான். புறப்பாட்டில் தூக்கிக்கொண்டு போகும்போது அது ஆடும். புத்தகத்தின் படங்கள் எந்தத் திருமேனியைக் காட்டுகின்றன என்பது ஒரு கேள்வி. அருங்காட்சியகத்துக்கு அது எப்படிப் போனது என்று நூல் ஒரு வரியாவது சொல்கிறதா என்பது அடுத்த கேள்வி.

கலை நூலுக்கு எப்படி எழுதலாம் என்று கேட்டால் அமெரிக்க விமர்சகர் சூசன் சொன்டாக் 1975இல் எழுதிய ஒரு மதிப்புரையைத்தான் நான் எப்போதும் காட்டுவேன். லெனி ரீஃபென்ஸ்டால் சூடானின் நூபா மக்களை எடுத்த வண்ணப்படங்களின் தொகுப்பு வந்திருந்தது. பார்த்தால் அற்புதம். சொன்டாக் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் முதலில் போனது உறையில் அச்சிட்ட வாழ்க்கைக் குறிப்புக்கு. 1934 நாஜிக் கட்சி மாநாட்டை ஹிட்லருக்காகப் படமெடுத்தவர் அந்தப் பெண்மணி, குறிப்போ அந்தக் காலத்தை நைசாகத் தாண்டிப் போகிறது. அதைப் பிரித்துக் காட்டிவிட்டு, அப்புறம் படங்களுக்கு வருகிறார். திடமான உடல்களைக் கொண்டாடும் அந்தக் கண் பழைய படங்களில் இருந்த அதே கண்தான் என்று நிறுவுகிறார். இன்னொன்றும் செய்தார். நாஜிச் சீருடைகள் பற்றிய ஒரு மலிவுப் பதிப்பையும் அதே மதிப்புரையில் பக்கத்தில் வைத்தார். காப்பி மேசையில் கிடக்கும் உயர்ந்த ரகம் ஒன்று, கடைத்தெருவில் விற்கும் தாழ்ந்த ரகம் ஒன்று, இரண்டுக்கும் அடியில் ஒரே கவர்ச்சி. ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது. உங்கள் நாலில் எவை இரண்டு ஒன்றோடொன்று பேசுகின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றுநீர் நூலும் திருமேனி நூலும் என்று எனக்கு ஓர் ஊகம். இரண்டிலும் காவிரி இருக்கும்.

நாவலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அது உங்கள் சொந்த ஊர். கதைச் சுருக்கம் நாலு வரிக்கு மேல் போக வேண்டாம். ‘மண் மணம் கமழ’ என்ற சொற்றொடர் கையில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, அதில் மொழி என்ன செய்கிறது என்று காட்டுங்கள். மொழிபெயர்ப்பு நாவல் என்பதால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக. பானு முஷ்டாக்கின் கன்னடச் சிறுகதைகளைத் தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தொகுப்புக்கு 2025இல் சர்வதேசப் புக்கர் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை ஐம்பதாயிரம் பவுண்டு, எழுத்தாளருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி. நம் மதிப்புரைகளில் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைப்பது அரை வரி: ‘சரளமான மொழிபெயர்ப்பு’. சரளம் பெருமையா என்பதே விவாதம். தீபா பாஸ்தி கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடாமல், அடிக்குறிப்பு கொடுக்காமல் அப்படியே விட்டார். ஆங்கில வாசகர் கொஞ்சம் தடுக்கி விழுந்தால் விழட்டும் என்று. தமிழுக்குக் கன்னடம் பக்கத்து வீடு. அங்கே தடுக்க வேண்டியது எது, தடுக்கக்கூடாதது எது? உறவுமுறைச் சொற்களையும் வசவுகளையும் மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்துப் பாருங்கள். ஹுப்பள்ளியில் திட்டுகிற கிழவி சென்னைத் தொலைக்காட்சித் தொடர் மாமியார் மாதிரி பேசினால் மொழிபெயர்ப்பு எங்கே சறுக்கியது என்று தெரிந்துவிடும்.

இப்போது அறுநூறு வார்த்தைக் கணக்கு. இதில் ஆசிரியரோடு சண்டை போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆர்வெல் அந்தக் கட்டுரையிலேயே வழியும் சொன்னார்: பெரும்பாலான புத்தகங்களைப் பேசாமல் விட்டுவிடுங்கள், முக்கியம் என்று படுகிற சிலவற்றுக்கு மட்டும் மிக நீண்ட மதிப்புரை கொடுங்கள், ஆயிரம் வார்த்தைக்குக் குறையாமல். அவர் சொல்லிப் பதினேழு வருடம் கழித்து அது ஒரு பத்திரிகையாகவே நடந்தது. 1962 டிசம்பரில் நியூயார்க்கில் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி 114 நாள் நாளிதழ்கள் முடங்கின. புத்தகம் போட்டவர்களுக்கு விளம்பரம் கொடுக்க இடமில்லை. அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே விமர்சகர் எலிசபெத் ஹார்ட்விக், புத்தக மதிப்புரைகள் சப்பென்று எல்லாவற்றையும் பாராட்டிக்கொண்டு கிடக்கின்றன என்று காட்டமாக எழுதியிருந்தார். அவரும் ராபர்ட் சில்வர்ஸ், பார்பரா எப்ஸ்டீன் முதலிய நண்பர்களும் அந்த இடைவெளியில் புகுந்தார்கள். கவிஞர் ராபர்ட் லோவல் வங்கியில் நாலாயிரம் டாலர் கடன் வாங்கிக் கொடுத்தார். எழுதியவர்களுக்குச் சுமார் மூன்று வாரம் அவகாசம், சம்பளம் கிடையாது. நியூயார்க் ரிவியூ ஆஃப் புக்ஸ் முதல் இதழ் 1963இல் ஒரு லட்சம் பிரதி அச்சானது. அற்பமான நூல்களுக்கு இடத்தை வீணாக்க மாட்டோம், ஊதிப்பெருத்த புகழைக் குறைக்கவோ ஒரு மோசடியைக் காட்டவோ வேண்டியிருந்தாலொழிய என்று அதில் அறிவித்தார்கள். 1979இல் லண்டனில் டைம்ஸ் நாளிதழ் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது லண்டன் ரிவியூ ஆஃப் புக்ஸ் அதே மாதிரி பிறந்தது, முதல் ஆறு மாதம் நியூயார்க் இதழின் மடியில் மடித்து வைத்தபடி வந்தது. இந்த இரண்டுக்கும் இலக்கியம், அரசியல், தத்துவம், கலை என்று தனித்தனிச் சுவர் கிடையாது, கட்டுரை மூவாயிரம் நாலாயிரம் வார்த்தை போகும்.

நம் சிற்றிதழுக்கு அவ்வளவு தாள் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு வார்த்தை இருக்கிறதல்லவா? ஒரு நூலுக்கு ஆயிரத்து எழுநூறு, மற்ற மூன்றுக்கும் சேர்த்து எழுநூறு என்று கேளுங்கள். எந்த நூலுக்கு அந்த ஆயிரத்து எழுநூறு என்பதே உங்கள் முதல் தீர்ப்பு, அதுவே வாசகருக்கு ஒரு செய்தி. ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிற காலத்தில் யார் இவ்வளவு படிப்பார்கள் என்று ஆசிரியர் கேட்டால், நட்சத்திர யோசனை ஒன்றும் புதிதில்லை என்று சொல்லுங்கள். ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வூல்ஃப் 1939இலேயே சொன்னார்: மதிப்புரையாளர் வேண்டாம், நூலின் சுருக்கத்தைக் கொடுத்துப் பக்கத்தில் பிடித்திருந்தால் நட்சத்திரக்குறி, பிடிக்காவிட்டால் கத்திக்குறி போட்டுவிடலாம் என்று. அதை அவர் சொன்னது முப்பது வருடத்துக்கு மேல் நீளநீளமாக மதிப்புரை எழுதித் தள்ளிய பிறகு.

நண்பர் நூல் வந்தால் என்ன செய்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். லண்டன் டைம்ஸின் இலக்கிய இணைப்பு 1974 வரை மதிப்புரைகளைப் பெயர் போடாமலே வெளியிட்டது. தமிழில் அது நடக்காது, முதல் பத்தியிலேயே யார் என்று கண்டுபிடித்துவிடுவோம். ஆகவே நண்பர் என்றால் ‘நண்பர்’ என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள், எழுதவே பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். முதல் நூல் எழுதியிருக்கும் சின்னப் பையனையோ பெண்ணையோ அடித்து உட்கார வைப்பதில் எந்த வீரமும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தை வேறு நூலுக்குக் கொடுங்கள். மூன்று விருது வாங்கியவர் சோம்பேறித்தனமாக எழுதியிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், அவர் தாங்குவார். தாங்காவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுவார், மதிப்புரை அந்த மட்டில் படிக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொல்வது நம் இதழ்களின் வழக்கம். உங்களுக்கு ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால் மற்றது ஆசிரியர் மேசையில் இருக்கிறது. ஆற்றுநீர் நூலுக்கு மட்டும் அந்த இரண்டாவது பிரதியையும் கேட்டு வாங்கி, உங்கள் கல்லூரியிலேயே கட்டடப் பொறியியலோ புவியியலோ நடத்துகிற ஒருவரிடம் அட்டவணைப் பக்கங்களை மட்டும் பார்க்கக் கொடுங்கள். எனக்கு வந்த மாதிரி அஞ்சலட்டை உங்களுக்கு வருவதற்குள்.